வலது தோள் தழும்பு

டகோமா, வாஷிங்டன்
பிப்ரவரி 6, 2023

திருமதி காரின் ஹால்வர்சன் அவர்களுக்கு,

நாம் சந்தித்ததில்லை. ஆனால் 1991 அக்டோபரில் ஒரு நாள் முழுக்க உங்கள் உடையை நான் போட்டிருந்தேன். இடுப்பில் தளர்ச்சி, தோளில் பிடித்தது. உடைக்காரம்மா முன்பக்கம் ஊசி குத்தி ஒப்பேற்றினார்.

என் பெயர் வாண்டா ஸ்டாசியாக். 'மாற்றுச் சாவி' படத்தில் நீங்கள் நீதிபதியின் மனைவி. பூட்டு ரிப்பேர்க்காரன் கள்ளச்சாவி செய்து வீட்டுக்குள் வந்து படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். அது தெரிந்தே, அவனைத் திரும்பிப் பார்க்காமல், உடையைத் தோளிலிருந்து நழுவவிட்டபடி அந்தப் பெண் மாடிக்கு ஏறுகிறாள். நாற்பது வினாடி. அதில் ஏறுவது நீங்கள் இல்லை, உங்களுக்கு டூப் போட்ட நான். இது தெரிந்த இயக்குநர் ராய் வெண்டலின் போய்ச் சேர்ந்துவிட்டார். மேக்கப் போட்ட ஐலீனும் போய்விட்டார். அன்று அரங்கில் நின்றவர்கள் யாரும் இப்போது எங்கே என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான்.

பதினோரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போன படம். வீடியோ கடைகளில் கடைசி அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அந்த நாற்பது வினாடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 'ஹால்வர்சனின் முதுகு நடித்த அளவுக்கு அந்தப் பத்தாண்டில் எந்த முகமும் நடிக்கவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

போர்ட்லண்டில் உள்ள திரைப்படக் காப்பகம் அந்தப் படச்சுருளைச் சுத்தம் செய்து ஜூன் மாதம் திரையிடப் போகிறது. கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் என் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். ஹால்வர்சன் எழுதிக் கொடுத்தால் சேர்ப்போம் என்றார்கள். 'படிக்கட்டில்: வாண்டா ஸ்டாசியாக்.' இந்த ஒரு வரிதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாண்டா ஸ்டாசியாக்


டூசான், அரிசோனா
பிப்ரவரி 19, 2023

திருமதி ஸ்டாசியாக்,

கடிதம் கிடைத்தது. அந்த முதுகு தன்னுடையது என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது எழுதுகிறார்கள். போன வருஷம் எழுதியவர் ஓர் ஆண்.

காப்பகத்துக்கு நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. உங்கள் நலனுக்கு வாழ்த்துகள்.

கா. ஹால்வர்சன்


டகோமா
பிப்ரவரி 27, 2023

திருமதி ஹால்வர்சன் அவர்களுக்கு,

அந்த ஆணின் முதுகு நன்றாக இருக்கட்டும். நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு தூக்கிப் போடுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மாநிலப் போட்டிகளில் பட்டாம்பூச்சி நீச்சலில் இரண்டு முறை முதலாவதாக வந்தவள். நீச்சல்குளத்தில் ராய் வெண்டலின் என்னைப் பார்த்தார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கரைக்கு வந்து தலையைத் தூக்கியபோது கொஞ்சம் ஏமாந்தமாதிரிகூட இருந்தது. அந்தப் படிக்கட்டில் பன்னிரண்டாம் படி கிறீச்சிட்டது, கம்பளம் போட்டு அமுக்கினார்கள். பதினேழு தடவை ஏறினேன். பதினாறு தடவையும் அவர் தலையை ஆட்டிவிட்டார். பதினேழாவதுக்கு முன்னால் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அவன் கீழ இருக்கான்னு உன் மனசுக்குத் தெரிஞ்சது போதும்மா. இப்ப உன் முதுகுக்குத் தெரியணும்."

அதற்குப் பிறகு நான் ஏறியதுதான் நீங்கள் எல்லோரும் பார்ப்பது. சும்மா உடம்பைக் காட்டியதில்லை அது. நடிப்பு. என் வாழ்நாளில் நான் நடித்த ஒரே நடிப்பு, அதைச் சுத்தமாகச் செய்தேன்.

ஆதாரம் வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். அன்று எனக்குப் போட்டுக்கொள்ள உங்கள் நீல அங்கியைக் கொடுத்தார்கள். அதன் பையில் மடித்த வசனத்தாள் ஒன்று இருந்தது. ஓரம் முழுக்கப் பென்சிலால் 'மாட்டேன்' என்று எழுதியிருந்தது, பதினோரு முறை. நான் எண்ணினேன், மடித்துத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் முதுகைக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் அதுவும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் இரண்டு கம்பி வைத்துவிட்டார்கள். இப்போது கழுத்திலிருந்து இடுப்புவரை ரயில் பாதை. நான் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் குளத்தில் ஒருமுறை இந்தக் கதையைச் சொன்னேன். 'வாண்டா, குளோரின் தலைக்கு ஏறிடுச்சு, வீட்டுக்குப் போ' என்றார்கள்.

வாண்டா


டூசான்
மார்ச் 12, 2023

வாண்டா,

அந்தத் தாளை நான் முப்பது வருஷமாக மறந்திருந்தேன். நீங்கள் சொல்வது உண்மை, முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். இனி உங்களிடம் நடிக்க வேண்டியதில்லை.

ஏன் 'மாட்டேன்' என்று எழுதினேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகைக் காட்ட நான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒப்பந்தத்தில் தனித்தாளில் அதற்குக் கையெழுத்தும் போட்டேன்: முதுகு மட்டும், கதவு சாத்திய அரங்கு, வேலைக்குத் தேவையான ஆட்கள் ஒன்பது பேர். அன்று காலை உள்ளே போனால், தயாரிப்பாளர் தன் நண்பர்கள் ஆறு பேரை மடக்கு நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். ஒருவன் கையில் சோளப்பொரி வைத்திருந்தான். ஓரமாக நின்று வசனத்தாளில் அதை எழுதி அங்கிப் பையில் செருகினேன், பிறகு அங்கியைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன். என் தொழிலில் நான் பெருமையாக நினைக்கும் நாள் அதுதான். ராய் மறுநாள் அவர்களை வெளியே தள்ளிவிட்டு உங்களைக் கூப்பிட்டார்.

ஆனால் படம் வந்தபோது என் பெருமை எங்கே போயிற்று பாருங்கள். டூப் என்று வாயைத் திறந்தால் வழக்கு என்று உங்களைப் போலவே என்னிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். என் அப்பா டுலூத்தில் லூத்தரன் போதகர். சபையில் யாரோ அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசினாள். "ஏதாவது சொல்றதுக்கு இருக்கா உனக்கு?" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்து ஒரு காரணம். என்னைப் பெற்றவள் என்னிடம் விளக்கம் கேட்கிறாளே என்ற திமிர் இன்னொரு காரணம். அதற்குப் பிறகு 2003இல் சாகும்வரை, பதினோரு வருஷம், அவள் என்னோடு பேசவில்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எனக்கு ஒன்பது வயதில், உறைந்த ஏரியில் என் தம்பி நீல்ஸின் பனிச்சறுக்குக் காலணியின் கத்தி என் இடது தோளில் பாய்ந்தது. ஆறு வாரம் அந்தக் காயத்துக்குக் கட்டு மாற்றியவள் அம்மா. ராய்க்கு அந்தத் தழும்பு பிடித்துப்போய்க் கதையிலேயே சேர்த்தார். கடைசிக் காட்சியில் பூட்டுக்காரன் போலீஸிடம் 'அவ இடது தோள்ல பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும்' என்பான். உங்களுக்கு ஐலீன் அதை வலது தோளில் வரைந்துவிட்டாள். அம்மா அந்தப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் அது நான் இல்லை என்று தெரிந்திருக்கும். ஊர்வாயைக் கேட்டாள், படத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்ன பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அந்தத் தவறையும் மேதைமை ஆக்கிவிட்டார்கள். தழும்பு எந்தப் பக்கம் என்றே தெரியாதவன் அவள் வீட்டுக்குள் போயே இருக்கமாட்டான், அத்தனையும் அவன் ஆசையில் கற்பனை செய்தது, அதனால்தான் படமே நிற்கிறது என்கிறார்கள். நானும் மேடையில் 'ராய் ரொம்ப யோசிச்சு செஞ்சது' என்று சொல்லியிருக்கிறேன். வழக்கு என்று எழுதி வாங்கிய படக் கம்பெனி 1997இல் மூடிவிட்டது, அதற்குப் பிறகு என் வாயைக் கட்டிப்போட்டது நான்தான். இந்த வெயிலில் இருபத்தாறு கோடை முழுக்கை போட்டிருக்கிறேன். என் இடது தோளைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

அந்த முதுகுக்கு நான் ஓர் அம்மாவை விலை கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஒரு நாள் வந்து ஏறிவிட்டுப் போனீர்கள். மறந்து வைத்த குடையைக் கேட்பதுபோல இப்போது வந்து திருப்பிக் கேட்கிறீர்கள்.

இன்னொன்று. தழும்பைக் கணினியில் இடது தோளுக்கு மாற்றிச் சரிசெய்யலாமா என்று காப்பகம் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். மே மாதம் செய்வார்கள்.

காரின்


டகோமா
மார்ச் 18, 2023

காரின்,

உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுத முடியவில்லை. வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

அந்தத் தழும்பை மாற்ற வேண்டாம். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்த முதுகு உங்களுடையதில்லை என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதையும் அழித்துவிட்டால் நான் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அது ஐலீனின் தவறு இல்லை. அவருக்கு முன்னால் கண்ணாடியில் ஓர் உடனடிப் புகைப்படம் ஒட்டியிருந்தது, உங்கள் முதுகு. அதைப் பார்த்துத்தான் வரைந்தார். அந்தப் புகைப்படத்தில் தழும்பு வலது பக்கம் இருந்தது. நீங்கள் இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தீர்கள், அதில் ஓட்டல் பெயர் தைத்திருந்தது. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. கண்ணாடியைப் பார்த்து எடுத்த படம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீச்சல் பழகும்போது கண்ணாடி முன் நின்று கையை வீசிப் பார்ப்போம், இடம் வலம் மாறுவது எனக்குப் பழக்கம்.

'தப்பான பக்கம் போடறீங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் முகம் வராது, பெயர் வராது, குரல் வராது. உங்களுடையதில்லாத ஏதாவது ஒன்று என் மேல் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஐலீனை அதற்காக ராய் எல்லார் முன்னாலும் திட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் நான் சொல்லவில்லை. அது ஒன்றுதான் என்னை உறுத்துகிறது, மற்ற எதற்கும் நான் வெட்கப்படவில்லை.

வாண்டா


டூசான்
ஏப்ரல் 2, 2023

வாண்டா,

அந்தப் புகைப்படத்தை எடுத்தது நான்.

உடம்பில் உள்ள மச்சம், தழும்பை எல்லாம் படம் பிடித்துக் கோப்பில் வைப்பது மேக்கப் பிரிவின் வழக்கம். என் முதுகை வேறு யாரும் படம் எடுக்கக்கூடாது என்று ஐலீனிடமிருந்து கேமராவைப் பிடுங்கி, அறையைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நானே எடுத்தேன். அவ்வளவு தலைக்கனம். பிறகு பத்து வருஷம் ஐலீனை முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாவுக்கும் போகவில்லை.

நீங்கள் மட்டும் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐலீன் துடைத்துவிட்டு இடது பக்கம் வரைந்திருப்பாள். வேண்டுமென்றே சும்மா இருந்திருக்கிறீர்கள். என் தோளில் இருந்ததை எடுத்து உங்கள் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டீர்கள். இதற்குப் பெயர் நடிப்பு என்று நீங்கள் சொல்லலாம். நான் திருட்டு என்கிறேன். இனி எழுத வேண்டாம்.

கா. ஹால்வர்சன்


டகோமா
ஏப்ரல் 10, 2023

திருமதி ஹால்வர்சன்,

இது கடைசி. திருட்டு என்றால் திருட்டுதான். உங்களிடம் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தழும்பை மாற்றுங்கள், பெயரும் வேண்டாம். காப்பகத்துக்கும் எழுதிவிட்டேன்.

ஆனால் பதினேழாவது தடவை மேல்படியில் கால் வைத்தபோது, கீழே இருந்த ஒன்பது பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அது எனக்குக் கேட்டது. அதை யாராலும் கணினியில் மாற்ற முடியாது.

வாண்டா ஸ்டாசியாக்


டூசான்
மே 30, 2023

வாண்டா,

இத்துடன் ஒரு நுழைவுச்சீட்டு. போர்ட்லண்ட், ஜூன் 17, சனிக்கிழமை மதியக் காட்சி, எஃப் வரிசை, பதினொன்றாம் இருக்கை. ஓரத்து இருக்கை, முதுகுக்குச் சிரமம் இருக்காது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

கா.


டகோமா
ஜூன் 20, 2023

காரின்,

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை காலை என் கார் தானாகவே தெற்கே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் தொடங்கியதிலிருந்து படிக்கட்டு வரும்வரை என் கை இருக்கையைப் பிடித்தபடியே இருந்தது. நாற்பது வினாடி. மாற்றவில்லை நீங்கள். ஐலீன் வரைந்த இடத்திலேயே, வலது தோளிலேயே இருந்தது. முன்பு வீடியோவில் மங்கலாகத் தெரியும், இப்போது தூரிகை பட்ட இடம்கூடத் தெரிகிறது. அரங்கில் யாரும் இருமவில்லை. அதே அமைதி, காரின். முப்பத்தோரு வருஷம் கழித்து அதே அமைதி. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

பிறகு பெயர்கள் ஓடின. என் வரி வரும் என்று தேடவில்லை, கேட்டதைத்தான் வாபஸ் வாங்கிவிட்டேனே. அது உங்கள் பெயருக்கு நேர் கீழே, அதே அளவில் வந்தது. சனங்கள் அதற்குள் கைதட்டி முடித்துவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். பரவாயில்லை, நான் படித்தேன்.

நீங்கள் மேடைக்கு வந்தபோது முழுக்கைக் கோட்டு போட்டிருந்தீர்கள். உங்களை முதல்முறையாக நேரில் பார்க்கிறேன், நான் நினைத்ததைவிடக் குள்ளம். கேள்வி கேட்ட அந்தத் தாடிக்காரப் பையன், படிக்கட்டுக் காட்சிக்கு உங்களை எப்படித் தயார் செய்துகொண்டீர்கள் என்று கேட்டான். எல்லோரும் அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டீர்கள். உள்ளே கை இல்லாத கறுப்பு உடை. அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றீர்கள்.

"இடது தோள். நல்லா பாருங்க, அவசரமில்ல," என்றீர்கள்.

முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வரிசை வரிசையாகப் புரிந்தது.

"நான் அன்னிக்கு மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் பெருமைதான். படியேறினது நான் இல்ல. ஏறினவங்க எஃப் வரிசையில, ஓரத்துல, நிமிந்து உக்காந்திருக்காங்க. அவங்க பேரு வாண்டா ஸ்டாசியாக். அவங்கள கேளுங்க," என்றீர்கள்.

எழுந்திருக்க எனக்கு நேரம் பிடித்தது. கம்பி வைத்த முதுகு சொன்னவுடன் எழாது. முன்னிருக்கையைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, பிறகு மற்றதை. முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என் முதுகைப் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பி முகத்தைப் பார்த்தார்கள். ராய் வெண்டலின் பார்க்காமல் விட்ட முகம். அழுதுகொண்டிருந்தது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நீங்கள் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இவ்வளவும் செய்துவிட்டு ஒரு கை கொடுக்க முடியாதா உங்களால்?

வாண்டா


டூசான்
ஜூலை 3, 2023

வாண்டா,

கை கொடுத்திருந்தால் உங்கள் முன்னால் அழுதிருப்பேன். அது எனக்குப் பிடிக்காது.

என்மேல் எந்த நல்லெண்ணமும் வைக்க வேண்டாம். உங்களுக்காகத் தழும்பை விடவில்லை. சரிசெய்த காட்சியை மே மாதம் அனுப்பினார்கள், பார்த்தேன். இடது தோளில் தழும்போடு உங்கள் முதுகு மேலே ஏறியது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் செய்யாததை நானே செய்ததாக அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தமாதிரி இருந்தது. பழையபடியே விடுங்கள், ஏறியவர் பெயரையும் போடுங்கள் என்று அன்றே எழுதினேன்.

இப்போது எழுதுவது வேறொன்றுக்காக. போர்ட்லண்டில் நான் பேசியதை யாரோ படம் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நீல்ஸ் டுலூத்திலிருந்து கூப்பிட்டான். அவன் கிறிஸ்துமஸுக்குத்தான் கூப்பிடுவான், அதனால் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா, அம்மா அந்தப் படத்தப் பாத்தாங்க," என்றான்.

1993 வசந்தத்தில், படம் வீடியோ கேசட்டாக வாடகைக்கு வந்தபோது. ஊரில் உள்ள கடையில் எடுத்தால் சபைக்குத் தெரிந்துவிடும் என்று, அவனைக் காரோட்டச் சொல்லிப் பாலத்தைத் தாண்டி விஸ்கான்சின் பக்கத்தில் போய் எடுத்தாளாம். அப்பா சபைக்கூட்டத்துக்குப் போனபிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தாளாம். படிக்கட்டுக் காட்சி வந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து போய், திரையில் அந்த வலது தோளில் விரல் வைத்தாளாம்.

"இது நம்ம காரின் இல்லடா. தழும்பு இந்தப் பக்கம் இல்ல," என்றாளாம்.

நீல்ஸ் எனக்கு உடனே போன் போடப் போயிருக்கிறான். அவள் விடவில்லை. 'காரினே சொல்லட்டும், அவ வாயால சொல்ற வரைக்கும் நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது' என்று வேதப்புத்தகத்தின் மேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். விளக்கம் கேட்காமலே அவள் என்னை நம்பட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். பத்து வருஷம். என் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. இப்போது நான் வாயால் சொல்லிவிட்டேன், அதனால் அவன் சத்தியம் தீர்ந்தது என்கிறான்.

மூன்று நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று மட்டும் அசையாமல் நிற்கிறது. என் அம்மா என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு சாகவில்லை.

நீங்கள் அன்று வாயைத் திறந்து 'தப்பான பக்கம்' என்று சொல்லியிருந்தால், ஐலீன் துடைத்துவிட்டு இடது பக்கம் வரைந்திருப்பாள். அம்மா திரையில் விரல் வைத்துப் பார்த்து, அது நான்தான் என்று நம்பியிருப்பாள்.

திருட்டு என்று எழுதினேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செப்டம்பரில் டகோமா வருகிறேன். கை கொடுக்க வேண்டும்.

காரின்